யாரும் படிக்காத குளோபுலின் வரி

2018 ஜூன் மாதம், பள்ளி திறந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. பாளையங்கோட்டையில் அரசு உதவி பெறும் பள்ளியொன்றில் கணித ஆசிரியையாகப் பணிபுரியும் எனக்கு அப்போது 44 வயது. வகுப்பு முடிந்ததும் முன்வரிசை மாணவி ஒருத்தி மேசையருகே வந்து, "டீச்சர், உங்க கண்ணு மஞ்சளா இருக்கு" என்றாள். ஒரு வாரமாகச் சோற்றைக் கண்டாலே குமட்டியதையும், சிறுநீர் கட்டன் சாயா நிறத்தில் போனதையும் வெயிலின் மேல் பழி போட்டுத் தள்ளி வைத்திருந்த நான், அன்று மாலைதான் இரத்தம் கொடுக்கப் போனேன். கண்ணை மஞ்சளாக்கும் பிலிருபின் என்ற நிறமி 5.8 இருந்தது, 40-க்குள் இருக்க வேண்டிய எஸ்.ஜி.பி.டி. என்ற கல்லீரல் நொதி 612 இருந்தது.

குடும்ப மருத்துவர் தண்ணீரால் பரவும் காமாலை என்றே கருதினார். அதில் தவறு காண முடியாது. எங்கள் பகுதியில் திடீரென்று கண் மஞ்சளாகி வருபவர்களில் பெரும்பாலோருக்கு ஹெபடைடிஸ் ஏ அல்லது ஈ வைரஸ்தான் காரணம். குடிநீர்க் குழாயும் சாக்கடையும் கைகோத்து ஓடும் தெருக்களில் வேறு என்னதான் வரும்? ஆனால் நான்கு நாள் கழித்து வந்த அறிக்கைகளில் ஏ, பி, சி, ஈ ஆகிய நான்கு வைரஸ்களும் இல்லை என்றிருந்தது. நான் குடிப்பதில்லை, தைராய்டு மாத்திரையைத் தவிர வேறு மருந்தும் உட்கொள்வதில்லை. "பரிசோதனையில் பிடிபடாத ஏதோ ஒரு வைரஸ்" என்று முடிவாயிற்று. இப்போது யோசித்துப் பார்த்தால், கேள்வி தொடங்க வேண்டிய இடத்தில் அதை நாங்கள் முடித்துவிட்டோம் என்று தெரிகிறது.

வீட்டில் அத்தை, அதாவது என் மாமியார், மறுநாள் விடியற்காலையிலேயே கீழாநெல்லியை வேரோடு பறித்து வந்து அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தார். உப்பில்லாத பத்தியம், எண்ணெய் கூடாது, தாளிதம் கூடாது. என் தட்டும் தம்ளரும் தனியாக வைக்கப்பட்டன. மூன்று வாரத்தில் பிலிருபின் 1.4-க்கு இறங்கியது, கண் வெளுத்தது. எஸ்.ஜி.பி.டி. 140-இல் நின்றதை யாரும் பொருட்படுத்தவில்லை. கீழாநெல்லிக்குப் பாராட்டும், பக்கத்துத் தெரு அம்மன் கோயிலுக்கு மாவிளக்கும் போயின.

கீழாநெல்லியைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. 1988-இல் சென்னை ஆய்வாளர்கள் அந்தச் செடியைப் பற்றி எழுதிய கட்டுரை லான்செட் என்ற மருத்துவ இதழிலேயே வெளிவந்தது. ஆனால் அது ஹெபடைடிஸ் பி வைரஸைச் சுமப்பவர்களைப் பற்றியது. பிறகு வேறு இடங்களில் நடந்த சோதனைகள் அந்த முடிவை உறுதிப்படுத்தவும் இல்லை. எனக்கு வந்ததோ, பின்னால் தெரிந்தபடி, உடலின் எதிர்ப்பு மண்டலமே கல்லீரலைத் தாக்கும் நோய். அது மருந்தே இல்லாமலும் ஏறி இறங்கும் இயல்புடையது. சில மாதம் கொந்தளிக்கும், பிறகு தானாகத் தணியும், அடியில் எரிந்துகொண்டே இருக்கும். அது தணியும் வாரத்தில் நாம் எதைக் குடித்துக்கொண்டிருக்கிறோமோ அதற்குப் பெயர் கிடைத்துவிடும். நான் மோர் மட்டும் குடித்திருந்தால் மோருக்குக் கிடைத்திருக்கும்.

அடுத்த பதினான்கு மாதம் நான் நோயாளி என்று எண்ணாமலே நோயாளியாக இருந்தேன். மாடிப்படி ஏறினால் கால் கனத்தது. காலையில் விரல் மூட்டுகள் மடங்க மறுத்தன. மாதவிடாய் தாறுமாறாயிற்று. வயது அப்படி என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் சொல்லிக்கொண்டேன். 2019 பிப்ரவரியில் எடுத்த ஸ்கேனில் கல்லீரல் சற்றுச் சொரசொரப்பாகத் தெரிவதாக எழுதியிருந்தது. அதைக் கொழுப்புக் கல்லீரல் என்று கொண்டு எடையைக் குறைக்கச் சொன்னார் ஒருவர். அப்போது என் எடை 54 கிலோ. "குடிப்பழக்கம் உண்டா?" என்று என்னிடம் கேட்கக் கூச்சப்பட்டு என் கணவரிடம் கேட்டார்கள். இருந்தால் நானே சொல்லியிருப்பேன்.

ஆகஸ்டில் மறுபடியும் கண் மஞ்சளானது. இம்முறை பிலிருபின் 9.2, எஸ்.ஜி.பி.டி. 1,040. இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் குறிக்கும் ஐ.என்.ஆர். 1.4-க்கு ஏறியிருந்தது. அத்தை மீண்டும் கீழாநெல்லி தேடிக் கிளம்பியபோது, மதுரையில் வேலை பார்க்கும் என் தம்பி வந்து, பேச்சே கேட்காமல் என்னைக் காரில் ஏற்றினான்.

மதுரையில் பார்த்த குடல், கல்லீரல் மருத்துவர் என் வயிற்றைத் தொடுவதற்கு முன் பழைய அறிக்கைகளைக் கேட்டார். நல்லவேளையாக, விடைத்தாள் கட்டும் பழக்கத்தில் எல்லாவற்றையும் தேதி வாரியாக ஒரு கோப்பில் கோத்து வைத்திருந்தேன். அவர் ஒவ்வொரு தாளாகப் புரட்டி, பேனாவால் ஒரே ஒரு வரியில் வட்டம் போட்டுக்கொண்டே போனார். எல்லாத் தாளிலும் அதே வரி. மொத்தப் புரதம் 8.9, அல்புமின் 3.3, குளோபுலின் 5.6. "டீச்சர், இதை யாராவது உங்ககிட்ட சொன்னாங்களா?" என்றார். யாரும் சொல்லவில்லை. 2018 ஜூனில் எடுத்த முதல் அறிக்கையிலேயே அந்த எண் அங்கே அச்சாகியிருந்தது.

இதைப் படிப்பவர்கள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால், அந்த வரியை எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்வேன். கல்லீரல் பரிசோதனை என்று எந்த ஊர் ஆய்வகத்தில் சில நூறு ரூபாய் கொடுத்து எடுத்தாலும் அதில் பிலிருபினும் நொதிகளும் இருப்பது போலவே அல்புமினும் குளோபுலினும் இருக்கும். அல்புமின் கல்லீரல் செய்யும் புரதம். குளோபுலினில் கணிசமான பங்கு நோய் எதிர்ப்பு மண்டலம் செய்யும் புரதம். சாதாரணமாக அல்புமின்தான் கூடுதலாக இருக்கும், குளோபுலின் 3.5-ஐத் தாண்டுவது குறைவு. இந்த இரண்டும் தலைகீழாகி நின்றால், எதிர்ப்பு மண்டலம் எதையோ எதிர்த்து நெடுநாளாக வேலை செய்துகொண்டிருக்கிறது என்று பெரும்பாலும் பொருள். அதற்குக் காசநோய் முதல் சுருங்கிய கல்லீரல் வரை வேறு பல காரணங்கள் இருக்கலாம் என்பதால், அந்த எண்ணை வைத்து யாரும் தமக்குத் தாமே நோய்ப் பெயர் சூட்டிக்கொள்ளக் கூடாது. திடீரென்று தொடங்கும் சிலருக்கு இந்த நோய் இருந்தும் அது ஏறாமல் இருப்பதும் உண்டு. ஆனால் வைரஸ் இல்லை, மது இல்லை, காமாலை இருக்கிறது, குளோபுலின் ஏறியிருக்கிறது என்ற நான்கும் ஒரே தாளில் கூடிவிட்டால், குளோபுலினில் முக்கியமான எதிர்ப்புப் புரதத்தின் பெயரைச் சொல்லி, "ஐ.ஜி.ஜி. பார்க்கலாமா?" என்று மருத்துவரிடம் கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு.

எனக்கு ஐ.ஜி.ஜி. 3,100 இருந்தது, மேல் எல்லை 1,600. தன் உடலின் அணுக்கருவையே எதிர்க்கும் ஏ.என்.ஏ. என்ற எதிர்ப்பொருளும், மென்தசையை எதிர்க்கும் இன்னொன்றும் இருந்தன. மறுநாள், கல்லீரலிலிருந்து துளித் திசுவை எடுத்துப் பார்க்கும் லிவர் பயாப்ஸி. வலப்பக்க விலா எலும்புகளுக்கு இடையே மரத்துப்போக ஊசி போட்டு, மூச்சை வெளியே விட்டு அடக்கச் சொல்லி, ஸ்டேப்ளர் அடிப்பது போன்ற ஒரு சத்தத்தில் முடித்துவிட்டார்கள். வலித்தது என்று சொல்ல முடியாது. தோள்பட்டையில் மட்டும் அன்று இரவு வரை ஒரு இழுப்பு இருந்தது. ஆறு மணி நேரம் அசையாமல் படுத்திருந்ததுதான் சிரமம். பயாப்ஸி என்ற சொல்லைக் கேட்டதும் அத்தை புற்றுநோய் என்று எண்ணி, எனக்குத் தெரியாமல் வராந்தாவில் அழுதிருக்கிறார். யாராவது முன்கூட்டியே அவரிடம் இரண்டு வார்த்தை விளக்கியிருக்கலாம். அந்த யாராவது நானாகவே இருந்திருக்கலாம்.

நோயைத் தீர்மானித்த விதம் எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. 2008-இல் பன்னாட்டு நிபுணர் குழு வகுத்த எளிய மதிப்பெண் முறை ஒன்று இருக்கிறது. எதிர்ப்பொருள்களுக்கு இரண்டு மதிப்பெண், ஐ.ஜி.ஜி.க்கு இரண்டு, திசுவின் தோற்றத்துக்கு இரண்டு, வைரஸ் இல்லை என்பதற்கு இரண்டு, மொத்தம் எட்டு. ஆறு எடுத்தால் இருக்கக்கூடும், ஏழோ எட்டோ எடுத்தால் உறுதி. என் திசு இந்த நோயோடு ஒத்துப்போவதாக இருந்தாலும் அதற்கே உரிய எல்லா அடையாளமும் இல்லாததால் அங்கே ஒரு மதிப்பெண் குறைந்தது. எட்டுக்கு ஏழு. மருத்துவர் சிரித்துக்கொண்டே, "டிஸ்டிங்ஷன்" என்றார். நோயின் பெயர் ஆட்டோஇம்யூன் ஹெபடைடிஸ்; தமிழில் தன்னெதிர்ப்புக் கல்லீரல் அழற்சி என்று எழுதுகிறார்கள். "வேலியே பயிரை மேயுதுன்னு வச்சுக்கோங்க" என்று அவர் விளக்கினார். தைராய்டும் அதே வேலி மேய்ந்ததுதான் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒரு தன்னெதிர்ப்பு நோய் உள்ளவருக்கு இன்னொன்று சேர்ந்து வருவது உண்டாம். பத்து வருடமாக நான் விழுங்கிய தைராய்டு மாத்திரையும் ஒரு துப்பாகவே இருந்திருக்கிறது.

திசுவில் நார்த்திசுப் படிவு மூன்றாம் நிலையை எட்டியிருந்தது. நான்காவது நிலைதான் கல்லீரல் சுருக்கம். இந்த நோய் கண்டுபிடிக்கப்படும் நாளிலேயே மூவரில் ஒருவருக்குக் கல்லீரல் சுருங்கிவிட்டிருக்கிறது என்று மருத்துவர் சொன்னபோது, அந்தப் பதினான்கு மாதத்தை நான் முதன்முதலாக எண்ணிப் பார்த்தேன்.

இது அவ்வளவு அரிதான நோயா என்று கேட்டேன். அரிதுதான் என்றார். அந்த விடை எனக்குப் போதவில்லை. அரிது என்பது ஒரு பின்னம். பின்னம் என்றால் பகுதியில், அதாவது கோட்டுக்குக் கீழே, என்ன எண் இருக்கிறது என்று கேட்க வேண்டும். விடுப்பில் இருந்த இரண்டு மாதமும் அதைத்தான் தேடிப் படித்தேன்.

சுவீடன் மருத்துவர் யான் வால்டென்ஸ்ட்ரோம் 1950-இல் இளம்பெண்கள் சிலரிடம் நீடித்த காமாலையோடு குளோபுலின் மிகுந்திருப்பதைக் கண்டு எழுதியதிலிருந்து இந்த நோயின் வரலாறு தொடங்குகிறது. ஆக, முதலில் எழுதியவரே அந்த வரியைத்தான் படித்திருக்கிறார். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் இயன் மெக்கே என்பவர் 1950-களிலும் 60-களிலும் இது உடல் தன்னையே தாக்கும் நோய் என்று நிறுவி, இப்போதைய பெயரை நிலைநாட்டினார். எண்ணிக்கையை முறையாகச் சொல்ல முடிந்த நாடுகளில் ஒன்று டென்மார்க். அங்கே ஒவ்வொரு குடிமகனுக்கும் பதிவு எண் உண்டு. எந்த மருத்துவமனைக்குப் போனாலும் அது தேசியப் பதிவேட்டில் ஏறும். 1994 முதல் 2012 வரை அங்கே 1,721 பேருக்கு இந்த நோய் கண்டறியப்பட்டது. ஆண்டுக்கு லட்சத்துக்கு ஏறத்தாழ 1.7 பேர். அந்தக் காலத்துக்குள்ளேயே எண்ணிக்கை கூடியும் வந்திருக்கிறது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் வெளியான கணக்கு, உலகில் லட்சத்துக்கு ஏறக்குறைய 17 பேர் இந்த நோயோடு வாழ்வதாகச் சொல்கிறது. ஐரோப்பாவில் 19, அமெரிக்கக் கண்டத்தில் 23, ஆசியாவில் 13. பெண்களுக்கு ஆண்களைவிட மூன்று நான்கு மடங்கு கூடுதலாக வருகிறது. ஆனால் எந்த வயதிலும் வரும், ஆண்களுக்கும் வரும்.

இந்தியாவில் இருப்பவை மருத்துவமனைக் கணக்குகள். நாள்பட்ட கல்லீரல் நோயோடு பெரிய மருத்துவமனைக்கு வந்தவர்களில் சில சதவீதத்தினருக்கு இது இருப்பதாக அவை சொல்கின்றன. வீட்டில் கீழாநெல்லி குடித்துக்கொண்டிருப்பவர் அந்தக் கணக்கில் வரமாட்டார். ஆசியாவின் 13 என்ற எண்ணும் ஓரளவுக்குத் தேடியவர்களின் எண்ணிக்கையே என்று நான் நினைக்கிறேன். பயாப்ஸி செய்யாத ஊரில் இந்த நோய் இருக்காது.

அந்த எண்ணையே வைத்துக்கொண்டாலும், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 4.7 லட்சம் பேர் வாழ்ந்த திருநெல்வேலி மாநகரத்தில் எங்களைப் போல் அறுபது பேர் இருக்க வேண்டும். இந்த அறுபது பேருக்காக ஒரு குடும்ப மருத்துவர் தன் அறைக்கு வரும் ஒவ்வொரு காமாலைக்காரரையும் ஐ.ஜி.ஜி. பார்க்கச் சொல்ல முடியாது. சொன்னால் அதுவும் தவறுதான். ஆனால் பகுதியை மாற்றிப் பாருங்கள். ஊரில் உள்ள எல்லோரும் என்றால் லட்சத்தில் பதின்மூன்று. காமாலையோடு வந்தவர்கள் என்றால் எண் கூடும். அவர்களில் வைரஸ் இல்லாதவர்கள், அவர்களில் குடிக்காதவர்கள், அவர்களில் நடுவயதுப் பெண்கள், அவர்களில் தைராய்டு உள்ளவர்கள், அவர்களில் குளோபுலின் 5.6 உள்ளவர்கள் என்று வட்டத்தைச் சுருக்கிக்கொண்டே வந்தால், கடைசி வட்டத்துக்குள் இந்த நோய் அரிதே அல்ல. அங்கே இதுதான் முதலில் நினைக்க வேண்டிய நோய். பதினொன்றாம் வகுப்பில் நிபந்தனை நிகழ்தகவு என்ற பாடத்தை ஆண்டுதோறும் நடத்துகிறவள் நான். சிவப்பு நிறப் பந்து, நீல நிறப் பந்து என்று சொல்லிக் கொடுத்த கணக்கு என் கல்லீரலில் நடந்துகொண்டிருந்தது எனக்கே தெரியவில்லை.

சிகிச்சை என்றதும் எல்லோருக்கும் பயம் வந்தது, ஏனென்றால் அது ஸ்டீராய்டு. பிரெட்னிசொலோன் 40 மில்லிகிராமில் தொடங்கினார்கள். எலும்பு உருகிவிடும், முகம் ஊதிவிடும், ஒருமுறை தொட்டால் விடாது என்று உறவினர் ஒவ்வொருவரும் தொலைபேசியில் சொன்னார்கள். அவர்கள் சொன்னதில் பாதி உண்மையும்கூட. ஆனால் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். லண்டனில் ஷீலா ஷெர்லாக் குழுவினர் 1971-இல் வெளியிட்ட ஆய்வில், பிரெட்னிசொலோன் பெற்ற 22 பேரில் 3 பேரும், பெறாத 27 பேரில் 15 பேரும் சில ஆண்டுகளுக்குள் இறந்திருந்தார்கள். இந்த எண்களைப் படித்த பிறகு முகம் ஊதுவதைப் பற்றி நான் கவலைப்படவில்லை. உண்மையில் ஊதியது, மாணவிகள் "டீச்சர் சதை போட்டுட்டாங்க" என்று மகிழ்ந்தார்கள். மூன்று வாரத்தில் எஸ்.ஜி.பி.டி. 1,040-இலிருந்து 180-க்கு வந்தது.

தொடங்குவதற்கு முன் காசநோய் இருக்கிறதா என்று மார்பு எக்ஸ்ரேயும் இரத்தமும் பார்த்தார்கள். ஹெபடைடிஸ் பி எப்போதாவது வந்து போயிருக்கிறதா என்பதையும் தனியே பார்த்தார்கள். எதிர்ப்பு மண்டலத்தை அடக்கும்போது உறங்கிக்கிடக்கும் இவை இரண்டும் எழுந்துவிடும் என்பதால், நம் நாட்டில் இந்தப் படியைத் தாண்டிப் போகவே கூடாது. சர்க்கரை ஏறுகிறதா என்று வாரம் ஒருமுறை பார்த்தோம். 2 மாதம் ஏறியிருந்து, மாத்திரை அளவு குறையக் குறைய இறங்கியது. கால்சியமும் வைட்டமின் டி-யும் முதல் நாளிலிருந்தே. எலும்பு அடர்த்தி ஸ்கேனும், கண்புரை உண்டாகிறதா என்ற சோதனையும் ஆண்டுக்கு ஒருமுறை. மாத்திரையைக் காலை உணவோடு விழுங்கிவிட வேண்டும். மாலையில் விழுங்கினால் இரவு இரண்டு மணிக்கு வீட்டைக் கூட்டிப் பெருக்கத் தோன்றும். நான் ஒருநாள் அப்படிப் பெருக்கியிருக்கிறேன்.

ஸ்டீராய்டைக் குறைக்க ஏதுவாக இரண்டாம் வாரத்தின் முடிவில் அசதையோபிரின் 50 மில்லிகிராம் சேர்த்தார்கள். இங்கேதான் எனக்கு இரண்டாவது அடி விழுந்தது. மூன்றாவது வாரம் தலை சீவினால் சீப்பு நிறைய முடி வந்தது. ஸ்டீராய்டால்தான் என்று நானாக நினைத்துக்கொண்டு, வாரந்தோறும் எடுக்கச் சொன்ன இரத்த அணுக் கணக்கை ஒருவாரம் தள்ளிப்போட்டேன். காலாண்டுத் தேர்வு விடைத்தாள் திருத்த வேண்டியிருந்தது. அடுத்த வாரம் எடுத்தபோது வெள்ளணுக்கள் 2,400-க்கு இறங்கியிருந்தன. அன்றே மாத்திரையை நிறுத்தினார்கள். அசதையோபிரினை உடல் சிதைத்து வெளியேற்ற உதவும் நட்15 (NUDT15) என்ற மரபணுவில் ஒரு மாற்றம் இருந்தால், சாதாரண அளவே விஷமாகிவிடும். ஐரோப்பியரைவிடத் தெற்காசியரிடமும் கிழக்காசியரிடமும் இந்த மாற்றம் அதிகம். மேலைநாட்டு நூல்கள் டி.பி.எம்.டி. என்ற இன்னொரு நொதியைப் பார்க்கச் சொல்லும். நமக்கு அது மட்டும் போதாது. எனக்கு அந்த மாற்றம் இருந்தது. இப்போது யாராவது அசதையோபிரின் தொடங்கப் போவதாகச் சொன்னால், நட்15 பார்த்தாயிற்றா என்று கேட்கிறேன். மூட்டுவாதத்துக்காக அதே மாத்திரை எடுக்கும் சக ஆசிரியை ஒருவரிடமும் கேட்டேன். யூரிக் அமிலத்துக்குக் கொடுக்கும் அல்லோபியூரினாலும் இதனோடு சேர்ந்தால் ஆபத்தானது என்பதை மாத்திரைப் பெட்டியின் மூடியில் எழுதி ஒட்டியிருந்தேன்.

மாற்றாக மைக்கோஃபினோலேட் கொடுத்தார்கள். அதைத் தொடங்குவதற்கு முன் கர்ப்பப் பரிசோதனை செய்ய வேண்டும் என்றபோது எனக்குச் சிரிப்பும் கூச்சமும் சேர்ந்து வந்தன. ஆனால் மாதவிடாய் நிற்காத எந்தப் பெண்ணுக்கும் அந்தக் கேள்வி அவசியமானது, அந்த மருந்து கருவைச் சிதைக்கும். பின்னாளில் காத்திருப்போர் கூடத்தில் சங்கரன்கோவிலைச் சேர்ந்த கல்லூரி மாணவி ஒருத்தியைத் தன் தாயோடு பார்த்தேன். இதே நோய் உள்ளவர்களில் நான் கண்ட முதல் ஆள். கல்யாணம் ஆகாதா, குழந்தை பிறக்காதா என்று அந்தத் தாய் என்னிடம் கேட்டார். நோய் அடங்கிய நிலையில் அசதையோபிரினோடு பிள்ளை பெற்றவர்கள் பலர் இருக்கிறார்கள், முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லித் திட்டமிட வேண்டும், மைக்கோஃபினோலேட் மட்டும் கூடவே கூடாது என்று எனக்குச் சொல்லப்பட்டதை அப்படியே சொன்னேன். அந்தப் பெண் கைபேசியிலிருந்து தலை நிமிரவே இல்லை. ஆனால் கிளம்பும்போது என் நோட்டுப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் புகைப்படம் எடுத்துக்கொண்டாள்.

அந்த நோட்டு ஒரு பெரிய விஷயமன்று. இடப்பக்கம் தேதி, எஸ்.ஜி.பி.டி., பிலிருபின், அல்புமின், குளோபுலின், ஐ.ஜி.ஜி., வெள்ளணு, சர்க்கரை. வலப்பக்கம் அன்று எடுத்த மருந்தின் அளவு. ஒரு எண் தனியாக எதையும் சொல்லாது, பக்கத்தில் மருந்தின் அளவு இருந்தால்தான் பேசும். எஸ்.ஜி.பி.டி. மட்டும் அல்ல, ஐ.ஜி.ஜி.யும் சேர்ந்து சாதாரண எல்லைக்குள் வந்தால்தான் நோய் அடங்கியதாகக் கொள்வார்கள். எனக்கு முதலாவது நான்கு மாதத்திலும் இரண்டாவது பதினோரு மாதத்திலும் வந்தன.

2020-இல் பெருந்தொற்று வந்தபோது எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் பொடிகள் தெருத்தெருவாக வந்தன. பக்கத்து வீட்டு அக்கா அன்போடு சீந்தில் கொடி கஷாயம் கொண்டுவந்து கொடுத்தார். எதிர்ப்புச் சக்தியை அடக்க மாத்திரை விழுங்கிக்கொண்டிருப்பவள் அதைக் கூட்டுவதற்கு ஒன்றைக் குடிப்பது எந்தக் கணக்கிலும் சரிவராது என்பதால் வாங்கி வைத்துவிட்டு மருத்துவரைக் கேட்டேன். தொடவே வேண்டாம் என்றார். 2021-இல் மும்பை மருத்துவர்கள், சீந்தில் உட்கொண்ட பின் தன்னெதிர்ப்பு அழற்சி போன்ற கல்லீரல் பாதிப்போடு வந்த ஆறு பேரைப் பற்றி எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் யார்? என் நோய் உள்ளவர் அந்தக் கொடியிலிருந்து விலகி நிற்பதால் இழப்பது ஒன்றுமில்லை என்று மட்டும் தெரியும். அந்த ஆண்டு தடுப்பூசிகளையும் முறைப்படுத்திக்கொண்டேன். ஹெபடைடிஸ் ஏ, பி, நிமோனியா, ஆண்டுதோறும் ஃப்ளூ. உயிருள்ள கிருமியால் செய்த தடுப்பூசிகள் எங்களுக்குக் கூடாது.

உணவைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். இந்த நோய்க்கென்று பத்தியம் எதுவும் இல்லை. உப்பில்லாமல் எண்ணெயில்லாமல் சாப்பிட்ட மூன்று வாரத்தில் நான் இழந்தது நான்கு கிலோ எடை. மது வேண்டாம், சர்க்கரை ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், புரதம் குறையக் கூடாது. இது யாருக்கும் தொற்றாது என்பதால் என் தட்டும் தம்ளரும் மறுபடி எல்லாத் தட்டுகளோடும் சேர்ந்தன. அதை அத்தை தாமாகவே எடுத்துவைத்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

2022 இறுதியில் எண்கள் எல்லாம் இரண்டு ஆண்டாகச் சீராக இருந்ததால், மருந்தை நிறுத்திப் பார்க்கலாமா என்று நானே கேட்டேன். நிறுத்தியவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு மீண்டும் வருகிறது, சில கணக்குகளில் பத்தில் ஒன்பது பேருக்கு வருகிறது என்று மருத்துவர் எச்சரித்தார். இந்த ஒரு தடவை நான் நிகழ்தகவை மதிக்கவில்லை. மெதுவாகக் குறைத்து நிறுத்தி, மாதந்தோறும் இரத்தம் எடுத்தோம். மூன்று மாதம் அமைதி. நான்காவது மாதம் எஸ்.ஜி.பி.டி. 310. கண் மஞ்சளாகவில்லை, களைப்பு இல்லை, நோட்டு மட்டுமே சொன்னது. உடனே மறுபடி தொடங்கியதால் ஆறு வாரத்தில் அடங்கியது. இப்போது பிரெட்னிசொலோன் 5 மில்லிகிராமும் மைக்கோஃபினோலேட்டும் ஓடுகின்றன. கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் நோய் கண்டபோது 14 கிலோபாஸ்கல் இருந்தது, இப்போது 7.2. நார்த்திசு ஓரளவு கரையவும் செய்யும் என்பதை நம்பாமல் இருந்த நான் அந்தத் தாளை இரண்டு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். வெளியூர் போனால் பத்து நாள் மாத்திரையைக் கைப்பையிலும் பத்து நாள் மாத்திரையைப் பெட்டியிலும் வைப்பேன், ஏனென்றால் நீண்ட நாள் எடுத்த ஸ்டீராய்டைத் திடீரென்று விட்டால் உடல் நிலைகுலைந்துவிடும்.

கல்லூரியில் படிக்கும் என் மகள் போன விடுமுறையில், "அம்மா, எனக்கும் வருமா?" என்று கேட்டாள். பரம்பரையாக இறங்கும் நோய் அல்ல இது. தன்னெதிர்ப்புக்கான சாய்வு சில குடும்பங்களில் இருக்கலாம், அவ்வளவுதான். அறிகுறி எதுவும் இல்லாத பிள்ளைக்குப் பரிசோதனை தேவையில்லை என்று மருத்துவரும் சொல்லியிருந்தார். இருந்தாலும் அவளை அழைத்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனேன்; வீண் செலவு என்று என் கணவர் வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வண்டி ஓட்டினார். மாலையில் அறிக்கை வந்ததும் பிலிருபினையும் நொதிகளையும் தாண்டி நேரே கீழே போனேன். அல்புமின் 4.4, குளோபுலின் 2.9. அவளிடம் கொடுப்பதற்கு முன் இன்னொரு முறை பார்த்துக்கொண்டேன்.